லைட்டர் சாக்கெட் இரைச்சல்: ஐசோலேட்டர் வாங்குமுன் பவர் பேங்கில் சோதித்துப் பாருங்கள்

கோலாலம்பூரில் எந்த கார் அக்செசரி கடைக்குப் போய் "சார்ஜர் செருகினா ரேடியோவுல சத்தம் வருது" என்று சொன்னாலும், முதலில் கைக்கு வருவது ஒரு சின்னக் கறுப்பு டப்பாதான். இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக், மேலே வெள்ளை எழுத்தில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற பெயர். பத்து இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும். அதை வாங்கிப் போனவர்களில் சிலர் மகிழ்ந்து போகிறார்கள், மற்றவர்கள் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். இரண்டு தரப்புமே சரிதான். ஐசோலேட்டர் ஒரே ஒரு நோய்க்கு மருந்து. அந்த நோய் உங்கள் காரில் இருக்கிறதா என்று யாரும் கேட்காமலே விற்கிறார்கள், அதுதான் கோளாறு.

ஐசோலேட்டர், ஃபெரைட் கிளிப், சார்ஜர், எல்.சி. ஃபில்டர் ஆகியவற்றை இங்கே எடை போடுகிறோம். இதே கடைகளில் தொங்கும் வேறு இரண்டு சாமான்களைப் பற்றியும் கடைசியில் ஒரு வார்த்தை.

முதலில் காதால் பார்க்கும் வைத்தியம்

செலவில்லாத சோதனை இது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதே கேபிளை ஒரு பவர் பேங்கில் செருகுங்கள். போன் அதே இடத்தில் இருக்கட்டும், பாட்டு அதே பாட்டாக ஓடட்டும். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர் அல்லது சாக்கெட். நிற்கவில்லை என்றால் லைட்டர் சாக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கேபிளையோ, ஹெட் யூனிட்டையோ (டேஷ்போர்டில் இருக்கும் ரேடியோப் பெட்டி), போனையோ பாருங்கள்.

அடுத்தது சத்தத்தின் குணம். எண்ணெய் மிதிக்க மிதிக்க "உய்ய்ங்" என்று மேலே ஏறி, காலை எடுத்தால் இறங்குகிறதா? அது ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. கணக்குப் போட்டாலே தெரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது, பெல்ட் விகிதம் 3 என்றால் ஆல்டர்னேட்டர் 2,400 சுற்று, அதாவது நொடிக்கு 40. உள்ளே 6 ஜோடி காந்தத் துருவம் இருந்தால் 240 ஹெர்ட்ஸ். மூன்று பேஸை ஆறு டயோடு நேர்மின்னாக மாற்றும்போது சுழற்சிக்கு ஆறு மேடு, ஆக 1,440 ஹெர்ட்ஸ். 2,000 சுற்றில் அது 3,600 ஆகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். மின் அளவு கொஞ்சமாக இருந்தாலும் எரிச்சல் அதிகமாக இருப்பது அதனால்தான்.

எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று, எஃப்.எம். கேட்கும்போது மட்டும் வந்தால் அது காற்று வழியாக வரும் தொல்லை. சார்ஜருக்குள் இருக்கும் பக் கன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குவதற்கு நொடிக்குச் சில லட்சம் தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு திறப்பும் சில நானோ நொடியில் முடியும் வெட்டு. அதன் மடங்கு அலைகள் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்.எம். பட்டைக்குள் தாராளமாக நுழையும்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மட்டும் "கர கர" என்றால் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. சாக்கெட்டில் பிளக் ஆடுகிறது, அவ்வளவுதான். பிளக்கின் முனை சுட்டால் உறுதி. பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, உள்ளே 400 நம்பர் மணற்தாளால் இலேசாகத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பியூஸைப் பிடுங்காமல் உள்ளே எதையும் விடாதீர்கள். நடுவில் இருப்பது பாசிட்டிவ், சுற்றுச்சுவர் முழுக்க எர்த், அதாவது காரின் பாடியோடு சேர்ந்த நெகட்டிவ். அடியில் ஒரு 20 சென் காசு கிடந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எஃப்.எம். தொல்லையை எப்படி அளப்பது

நகரத்துக்குள் ராகா 99.3-இலோ மின்னல் 96.3-இலோ இரைச்சலே தெரியாமல் இருக்கலாம். சிக்னல் பலமாக இருக்கும் வரை எஃப்.எம். ரிசீவர் பலவீனமான தொல்லையை அமுக்கிவிடும். காராக் பக்கம் மலை மறைவில் போனாலோ, அடித்தள கார் நிறுத்தத்தின் வாசலுக்கு வந்தாலோதான் குட்டு வெளிப்படும். அதுவும் முதலில் இரைச்சலாக வராது. இப்போதைய ஹெட் யூனிட்டுகள் தொல்லையை உணர்ந்ததும் ஸ்டீரியோவை மெல்ல மோனோ ஆக்கி, மேல் ஸ்தாயியை வெட்டிவிடும். பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். பலர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள்.

கருவியே இல்லாமல் அளக்க ஒரு வழி உண்டு. காரைச் சிக்னல் சுமாரான ஓரிடத்தில் நிறுத்தி, சார்ஜர் இல்லாமல் ரேடியோவின் தேடல் பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள். பட்டையைச் சுற்றி வருவதற்குள் எத்தனை நிலையத்தில் நின்றது என்று எண்ணுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, போனை மாட்டி, மறுபடி எண்ணுங்கள். தொல்லை கொடுக்கும் சார்ஜர் என்றால் எண்ணிக்கை குறையும், அல்லது வெறும் இரைச்சலில் போய் நிற்கும். "நல்லா இருக்கு, சுமாரா இருக்கு" என்ற பேச்சைவிட இந்த எண்ணிக்கை நம்பத்தக்கது.

கைக்கடக்கமான பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று வீட்டில் கிடந்தால் இன்னும் வசதி. அதை ஏ.எம். பட்டையில் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குத் திருப்பி, சார்ஜரின் அருகில் கொண்டு போங்கள். பிறகு கேபிள் ஓரமாக நகர்த்துங்கள். எங்கே உறுமல் உச்சத்துக்குப் போகிறதோ அங்கேதான் மருந்து வைக்க வேண்டும்.

சார்ஜர்: பணம் போக வேண்டிய இடம்

இரவுச் சந்தைத் தட்டில் ஐந்து பத்து வெள்ளிக்குக் கிடக்கும் சார்ஜர்களைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஒரு எட்டுக்கால் ஐ.சி., ஒரு சுருள், ஒரு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர். பல ஆண்டுகளாக எம்.சி. 34063 என்ற ஐ.சி.தான் இந்த வேலையைச் செய்துவந்தது. அது 100 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும் பழைய சரக்கு. ஐ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை. பாசிட்டிவ் உள்ளே நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய வடிகட்டிச் சுருள் இருக்காது. அதனால் உள்ளே நடக்கும் வெட்டெல்லாம் அப்படியே காரின் ஒயரிங்குக்குத் திரும்பிப் போகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட முத்திரை. வாகன மின்காந்தத் தொல்லைக்கான ஐ.நா. 10-ஆம் ஒழுங்குவிதியின்படி ஒப்புதல் பெற்றதைக் காட்டுவது அது. எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும், 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. முத்திரையைப் பொய்யாக அச்சடிப்பவர்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆனால் முத்திரையே இல்லாத சரக்குக்கும் இதற்கும் நடுவே தேர்வு என்றால் யோசிக்கத் தேவையில்லை. சி.ஈ. முத்திரை மட்டும் இருந்தால் அதை வைத்து கார் ரேடியோவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஒரு சார்ஜரைச் சோதிக்கும்போது மூன்று நிலையில் கேளுங்கள்: போன் மாட்டாமல், பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும் போனோடு, முழுக்க ஏறிய போனோடு. வேகச் சார்ஜிங்கில் 9 வோல்ட்டுக்குத் தாவும்போது தொல்லையின் இடம் மாறும். முழுக்க ஏறிய பிறகு சுமை குறைந்து, கன்வெர்ட்டர் விட்டு விட்டு ஓடத் தொடங்கும், அந்த இடைவெளி காதுக்குக் கேட்கும் அலைவரிசைக்கே இறங்கிவிடலாம். "காலையில் நல்லா இருந்துச்சு, ஷா ஆலம் போறதுக்குள்ள சத்தம்" என்று கிரேப் ஓட்டுபவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். வோல்ட்டேஜை எண்ணாகக் காட்டும் சிவப்பு விளக்கு வைத்த சார்ஜரைத் தவிர்ப்பது நல்லது. எண்களை மாற்றி மாற்றி ஒளிரச் செய்யும் சுற்று, தன் பங்குக்கு ஒரு ரீங்காரத்தைச் சேர்க்கக்கூடும்.

ஒரு சாக்கெட்டை மூன்றாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வேண்டாம். மூன்று சாதனத்தின் எர்த்தும் ஒரே மெல்லிய ஒயரில் திரும்புகிறது. 2 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.05 ஓம் தடை இருந்தாலே 0.1 வோல்ட் விழும். ஆடியோ சிக்னலோடு ஒப்பிட்டால் அது சின்ன அளவு இல்லை.

ஐசோலேட்டர்: எங்கே சரி, எங்கே வீண்

போன் சார்ஜ் ஆகிக்கொண்டே ஆக்ஸ் கேபிளில் (போனையும் ஹெட் யூனிட்டையும் இணைக்கும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் கேபிள்) பாட்டு ஓடுகிறது என்று வையுங்கள். போனின் எர்த் இரண்டு வழியில் காரின் பாடிக்குப் போகிறது: யு.எஸ்.பி. கேபிள், சார்ஜர், சாக்கெட் என்பது ஒன்று. ஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல், ஹெட் யூனிட் என்பது இன்னொன்று. சாக்கெட்டின் எர்த் முனைக்கும் ஹெட் யூனிட்டின் எர்த் முனைக்கும் நடுவே சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அந்த வளையத்தில் மின்சாரம் ஓடி பாட்டோடு கலந்துவிடும்.

ஐசோலேட்டர் இந்த வளையத்தை வெட்டுகிறது. டப்பாவைப் பிளந்து பார்த்தால் உள்ளே கொண்டைக்கடலை அளவில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. பொதுவாக 600 ஓமுக்கு 600 ஓம். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகிறது, எர்த் தாண்டுவதில்லை. ஆக்ஸ் வழி வரும் "உய்ய்ங்" சத்தத்தைச் செருகிய நொடியில் நிறுத்திவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை பாஸில், அதாவது தாழ்ந்த ஸ்தாயியில் தெரியும். சின்ன இரும்புக்கரு அங்கே சீக்கிரம் காந்தத்தால் நிறைந்துபோகும். உறுமியும் தவிலும் வரும் பாட்டைப் போட்டால், தவிலில் தொப்பிப் பக்கம் அடிப்பது அட்டைப் பெட்டியில் தட்டுவது போலக் கேட்கும். போனின் வால்யூமை 70 விழுக்காட்டுக்கு இறக்கி, மீதியை ஹெட் யூனிட்டில் ஏற்றுங்கள். கரு நிறையாது, பாதி பாஸ் திரும்பி வரும். இரண்டு ஐசோலேட்டரைக் கையில் வைத்துத் தேர்வு செய்ய முடிந்தால் கனமானதை எடுங்கள். கனம் என்பது பெரும்பாலும் இரும்பு.

ஆக்ஸ் துளை மட்டும் உள்ள பழைய மைவி, பழைய சாகா கார்களில் புளூடூத் ரிசீவர் ஒன்றை மாட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். அந்த ரிசீவர் அதே சார்ஜரில் மின்சாரம் எடுத்து, ஆக்ஸில் பாட்டைத் தருவதால், வளையம் அங்கே உறுதி. பாட்டு நின்ற அமைதியில் "டிக் டிக், குர்ர்" என்று ஏதோ பூச்சி ஓடுவது போலக் கேட்கும். ஐசோலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ரிசீவருக்கும் ஹெட் யூனிட்டுக்கும் நடுவில் மாட்டுங்கள். சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: பி 0505 எஸ் என்ற தனிமைப்படுத்திய 5 வோல்ட் மாட்யூலை ரிசீவரின் மின்சாரப் பாதையில் வைக்கலாம். 1 வாட், அதாவது 200 மில்லிஆம்பியர்தான் தரும். ரிசீவருக்குப் போதும், போனைச் சார்ஜ் பண்ண முயலாதீர்கள்.

ஹெட் யூனிட்டிலேயே புளூடூத் இருந்து போன் நேராக அதோடு பேசுகிறது என்றால், வளையமே இல்லை. ஐசோலேட்டரை மாட்ட இடமும் இல்லை. எஃப்.எம். இரைச்சலுக்கும் இது ஒன்றும் செய்யாது. லைட்டர் சாக்கெட்டில் செருகி எஃப்.எம்.மில் பாட்டு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களுக்கும் உதவாது.

ஃபெரைட் கிளிப்: தெரிந்து போட்டால் தங்கம்

கேபிளைச் சுற்றிக் கவ்வும் கறுப்பு உருளை. புடு பக்கத்து ஜாலான் பாசாரில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கும், புடு எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். லோயாட் பிளாசாவில் தேடி அலைவதைவிட இங்கே போவது மேல்.

இது காற்று வழித் தொல்லைக்கான மருந்து. 1,440 ஹெர்ட்ஸ் ஆல்டர்னேட்டர் சத்தத்துக்கு இதன் தடை ஏறக்குறைய சுழியம். ஆக்ஸ் கேபிளில் ஐந்தாறு உருளையை மணிமாலை போலக் கோத்துவைத்திருக்கும் கார்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஃபெரைட் எந்தக் கலவையால் ஆனது என்று காட்டும் எண்ணைக் கேளுங்கள். ஃபேர்-ரைட் நிறுவனத்தின் எண்களையே பலரும் பயன்படுத்துகிறார்கள்: 31 என்றால் 1 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை, 43 என்றால் 25 முதல் 300 வரை. எஃப்.எம்.முக்கு இரண்டும் நல்லது. 61 இன்னும் மேலே வேலை செய்யும். எண் எதுவும் போடாமல் பையில் விற்கும் சரக்கு கிடைத்தால், மேலே சொன்ன நிலைய எண்ணிக்கைச் சோதனையில் போட்டுப் பாருங்கள்.

கேபிள் ஒரு முறை ஊடே போனால் ஒரு சுற்று. உருளைக்குள் வளைத்து மறுபடி விட்டால் இரண்டு சுற்று, தடை நான்கு மடங்கு. மூன்று சுற்று ஒன்பது மடங்கு. அதற்கு மேல் சுற்றினால் சுற்றுகளுக்கு நடுவே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாகவே எஃப்.எம். அலை தப்பித்துவிடும், ஆக மூன்றோடு நிறுத்துங்கள். இதற்காக, கேபிள் 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 5 மில்லிமீட்டர் துளை வாங்காமல் 9 அல்லது 13 வாங்குங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் சேர்ந்தே உருளைக்குள் போக வேண்டும். ஒன்றை மட்டும் விட்டால் நேர்மின்சாரம் கருவை நிறைத்துவிடும். மூடும்போது "க்ளிக்" கேட்க வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு தாள் அளவு இடைவெளி இருந்தாலே பலன் சரிந்துவிடும்.

இடம்: சார்ஜரிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள். தள்ளிப் போட்டால், சார்ஜருக்கும் உருளைக்கும் நடுவிலிருக்கும் கேபிளே ஆண்டெனாவாகிவிடும்.

டேஷ்கேம் (முன் கண்ணாடியில் மாட்டும் கேமரா) வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அதன் கேபிள் பொதுவாக மூன்று நான்கு மீட்டர் நீளம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். இதைவிடக் கச்சிதமான ஆண்டெனாவைத் தேடிப் பிடிக்க முடியாது. சாக்கெட் முனையில் ஒரு ஃபெரைட், கேமரா முனையில் ஒன்று. மிச்சக் கேபிளை வளையமாகச் சுருட்டாமல் எட்டு வடிவில் மடித்துக் கட்டுங்கள். கண்ணாடியில் ஆண்டெனாக் கோடு இருந்தால் 20, 30 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டு போங்கள். கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும் கார்களில் கேபிள் அதன் பின்னால்தான் போக வேண்டும், குறுக்கே போகவே கூடாது.

ஜி.பி.எஸ். தடுமாற்றத்துக்கு ஃபெரைட்டை நம்ப வேண்டாம். அது 1,575.42 மெகாஹெர்ட்ஸ், வானத்திலிருந்து வரும் சிக்னலோ மிகப் பலவீனம். கேமராவைப் போனிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ரிமோட் சாவி கார் பக்கத்தில் வந்தும் வேலை செய்யவில்லை என்றால் சார்ஜரையும் டேஷ்கேமையும் கழற்றிப் பார்ப்பது நியாயம். 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் காருக்குள் தொல்லைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வீட்டு ஆட்டோகேட் திறக்கவில்லை என்று சார்ஜரைச் சந்தேகப்படுவது வீண். அதன் ரிசீவர் கேட்டில் இருக்கிறது. ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள்.

எல்.சி. ஃபில்டர்

ஹெட் யூனிட்டின் பாசிட்டிவ் ஒயரில் வைக்கும், சுருளும் கெப்பாசிட்டரும் கொண்ட டப்பா. சார்ஜர், ஆக்ஸ் எல்லாம் கழற்றிய பிறகும் ஆல்டர்னேட்டர் சத்தம் கேட்டால் மட்டும் இதை யோசியுங்கள். ஹெட் யூனிட் பியூஸ் 10 ஆம்பியர் என்றால் ஃபில்டரும் அதற்குக் குறையக் கூடாது. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் 25 வோல்ட்டுக்குக் குறையாமல், முடிந்தால் 35, வெப்பம் 105 பாகை வரை தாங்குவதாக இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது காரில் 14.4 வோல்ட் நிற்கும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் நம் வெயிலில் டேஷ்போர்டுக்குள் வெந்து உப்பிவிடும்.

இதை மாட்டுமுன் ஒயர்மேனிடம் இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓட, பேட்டரியின் இரு முனையில் பார்ப்பது ஒன்று. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, 0.5-ஐ நெருங்கினால் ஆல்டர்னேட்டரில் டயோடு போயிருக்கலாம், ஃபில்டருக்குக் கொடுக்கும் காசை அங்கே போடுங்கள். இன்னொன்று டி.சி. மில்லிவோல்ட்டில்: போன் சார்ஜ் ஆகும்போது சாக்கெட்டின் வெளிச்சுவருக்கும் ஹெட் யூனிட்டின் உலோக உடலுக்கும் நடுவே. 50-க்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 200 தாண்டினால் எங்கோ போல்ட் துருப்பிடித்திருக்கிறது அல்லது பெயின்ட் மேலேயே எர்த் முடுக்கியிருக்கிறார்கள். பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் மறுபடி முடுக்கினால் பல நேரம் எந்தப் பொருளும் வாங்காமலே சத்தம் அடங்கிவிடும்.

அந்த இரண்டு சாமான்கள்

நிறம் நிறமாக வரும் எர்த் கேபிள் செட்: மேலே சொன்ன 200 மில்லிவோல்ட் பிரச்சினை இருந்து, கேபிளும் சரியான இடத்தில் போனால் உதவும். எர்த் நன்றாக இருக்கும் காரில் அலங்காரம்தான். சாக்கெட்டில் செருகினால் எண்ணெய் மிச்சமாகும், ரேடியோ தெளிவாகும் என்று சொல்லி விற்கும் ஒளிரும் குச்சி: உள்ளே ஒரு விளக்கு, ஒரு சின்னக் கெப்பாசிட்டர். ஆல்டர்னேட்டரின் சத்தத்தைக் குறைக்க அந்தக் கெப்பாசிட்டர் எறும்பு அளவு. வேண்டாம்.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: முதலில் சார்ஜர், பிறகு இரண்டு ஃபெரைட், ஆக்ஸ் பயன்படுத்துபவருக்கு மட்டும் ஐசோலேட்டர், ஃபில்டர் ஒயர்மேன் சொன்னால். சார்ஜரை வாங்கும்போது காரைக் கடை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியோவைப் பலவீனமான ஒரு நிலையத்தில் வைத்துச் செருகிப் பார்க்கக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்று கடைக்காரர் முகம் சுளித்தால், ரசீதில் மூன்று நாள் மாற்று என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் பக்கத்துக் கடை திறந்துதான் இருக்கும்.